பேரனும் மணல் நண்டும்



போன இதழில் வெந்தயக் களி கிளறிக்கொண்டிருந்தவள் இந்த இதழில் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று சிரிக்காதீர்கள். 58 வயதில் எனக்கே இது புதுசுதான். நாலு நாள் அடுப்படியை மறந்து, அந்தமான் தீவுகளுக்குப் போய்ப் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், பாதி காமிராவைப் பற்றி. மீதி என் பேரனைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் காமிரா என்றாலே அது ஆண்கள் சாமான். கல்யாணமான புதிதில் இவரிடம் ஒரு சின்னக் காமிரா இருந்தது. பீரோவில் பட்டுப்புடவைக்கும் மேல் தட்டில்தான் அதற்கு இடம். "தொட்டுடாதே! ஒரு ரோலுக்கு 36 படம்தான். ஒண்ணு வீணானாலும் காசு" என்பார். பிள்ளை தலையெடுத்த பிறகு அவன் ஒன்று வாங்கினான். அதற்கும் அதே மரியாதை. செல்போன் வந்த பிறகுதான் என் கைக்கும் படம் எடுக்கும் பாக்கியம் கிடைத்தது. என் போனில் பேரன் படம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஒன்றிலாவது அவன் முகம் நேராக இருக்கிறதா? பாதிப் படத்தில் முதுகு, மீதியில் அழுகை.

பேரனுக்கு நாலு வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. டாக்டரிடம் காட்டி, காதையும் பரிசோதித்து, வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் ஒருமுறை, "சொல்லு சொல்லுன்னு அவனை நெருக்காதீங்கம்மா. அவன் எதைப் பார்க்கிறானோ அதை நீங்களும் பாருங்க. அவன் வர்றவரைக்கும் காத்திருங்க" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினதும் பழைய கதைதான்! "கண்ணா, பாட்டி சொல்லு! பா...ட்டி! இங்கே பாரு, ஒரு சிரிப்புச் சிரி!" என்று போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவேன். அவன் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான்.

மருமகள் வாய் திறந்து எதுவும் சொல்கிற பெண் இல்லை. அவளே ஒருநாள், "அத்தை, கொஞ்ச நேரம் அவனை விட்டுடுங்களேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆசையால்தானே செய்கிறேன், இதில் என்ன தப்பு என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் அவளே, பெண்களுக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்திருந்த அந்தமான் போட்டோப் பயணத்துக்கு என் பேரைக் கொடுத்துவிட்டாள். என் பிள்ளையின் பழைய காமிராவும் தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் லென்ஸும் பெட்டிக்குள் ஏறின. நம்மை நாலு நாள் வீட்டை விட்டுக் கிளப்பத்தான் இந்த ஏற்பாடோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்வானேன்?

2025 பிப்ரவரியில் கிளம்பினோம். நாங்கள் ஏழு பெண்கள். சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர், என் பெண் வயதுதான் இருக்கும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாம் போர்ட் பிளேர் என்று படித்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கே தெருவில் தமிழ்க் குரல் கேட்டதும் பாதி பயம் போயிற்று. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தம்பியும் தமிழர்தான். அவருடைய குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனதாம்.

அங்கே போய் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது தூக்கத்தை! கடிகாரம் நம்முடையதுதான். ஆனால் தீவுகள் கிழக்கே தள்ளி இருப்பதால், சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முன்னதாகவே பொழுது விடிந்து, 50 நிமிடம் முன்னதாகவே சாய்ந்துவிடுகிறது. மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். "காலையில முதல் ஒரு மணி நேரமும் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரமும்தான் வெளிச்சம் சாய்வா, மெத்துன்னு விழும். அதுதான் நம்ம முகூர்த்தம். மதியத்துல தூங்குங்க" என்றாள் டீச்சர்.

முதல் நாள் மாலை சிடியா டாபு என்ற கடற்கரைக்குப் போனோம். ஊருக்குத் தெற்கே காடும் கடலும் சேருகிற இடம். வண்டியிலிருந்து இறங்கினதும் எல்லோரும் காமிராவைத் தூக்கினோம். "உள்ளே வையுங்க! கால் மணி நேரம் யாரும் தொடக்கூடாது. சும்மா பாருங்க" என்றுவிட்டாள் டீச்சர். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பணம் கட்டி வந்து சும்மா நிற்பதா?

நின்றோம். முதல் ஐந்து நிமிடம் கடல், மலை, மரம் என்று பேர்தான் தெரிந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. கரையோரத் தண்ணீரில் பட்டுப்போன மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் கிளையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு மீன்கொத்தி. அது இத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது!

கால் மணி முடிந்ததும் கடல், மலை, மரம், சூரியன், படகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்துப் பெருமையாகக் காட்டினேன். டீச்சர் சிரித்துவிட்டாள். "அம்மா, இது கல்யாண வீட்டு இலை மாதிரி இருக்கு. எல்லாம் இருக்கு, எதை முதல்ல எடுத்துச் சாப்பிடறதுன்னு தெரியலையே! உங்க மனசை இழுத்தது எது? அதை மட்டும் வையுங்க. மத்ததை நகர்ந்து நின்னு வெளியே தள்ளுங்க." இரண்டடி இடது பக்கம் நகர்ந்து, மரத்தையும் அதன் பின்னால் சிவந்த தண்ணீரையும் மட்டும் எடுத்தேன். அதே இடம், அதே காமிரா. படம் மட்டும் வேறாக இருந்தது.

அன்று இரவு பாடம். காமிராவின் மூன்று கணக்கையும் அவள் நம் பாஷையிலேயே சொன்னாள். குழாயடியில் குடம் நிரப்புகிற கணக்குத்தான் அது. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது லென்ஸின் துவாரம், அதாவது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். குடம் சின்னதா பெரிசா என்பது ஐ.எஸ்.ஓ. சின்னக் குடம் வைத்தால் சீக்கிரம் நிறையும். ஆனால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் 1/1000 விநாடிக்குள் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை கலங்கிவிடும். கிட்டத்துப் பாறையும் தூரத்து மலையும் ஒன்றாகத் தெளிவாக வேண்டுமானால் துவாரத்தை எஃப் 8, எஃப் 11 என்று குறுக்கிக்கொள்ள வேண்டும். எண் பெரிசானால் துவாரம் சின்னது! இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் பிடிபட ஒரு முழு நாள் ஆயிற்று.

மறுநாள் விடியற்காலை எனக்கு ஒரு சோதனை. ஏ.சி. அறையிலிருந்து காமிராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லென்ஸ் முழுக்க ஆவி படிந்து ஒன்றுமே தெரியவில்லை. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதேதான்! புடவைத் தலைப்பால் துடைக்கப் போனவளை டீச்சர் தடுத்தாள். துணியில் இருக்கும் மணல் கண்ணாடியைக் கீறிவிடுமாம். கிளம்புவதற்கு அரை மணி முன்பே காமிராவைப் பையோடு வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தீவுக்குப் போகிறவர்கள் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அன்று போன இடம் சிப்பிகாட். பரந்த சதுப்பு நிலம். பாதி உப்புத் தண்ணீர், ஆங்காங்கே பட்ட மரங்கள். வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக நின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குட்டி வாத்து ஒன்றையும் தம்பி காட்டினார். அந்தமான் டீல் என்று பெயராம், இந்தத் தீவுகளுக்கே சொந்தமான பறவை. நான் வீட்டிலிருந்து, பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து ஒரு கிலோ பச்சரிசியை நிரப்பி ஒரு பை கொண்டுபோயிருந்தேன். அதை வண்டி ஜன்னலில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் கை நடுங்காது, கழுத்தும் வலிக்காது. டீச்சரே மெச்சிக்கொண்டாள்!

நான் கொக்கை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தம்பி நிதானமாகச் சொன்னார்: "அம்மா, நீங்க கொக்கு எடுக்கிறீங்களே, அந்த இடத்துலதான் எங்க பெரியப்பா நெல்லு போட்டிருந்தார்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூகம்பம் வந்தபோது தெற்கு அந்தமானில் நிலமே கீழே இறங்கிவிட்டது. சுனாமித் தண்ணீர் வந்தது, திரும்பிப் போகவில்லை. நிலம் தாழ்ந்துபோனதால் கடல் வயலிலேயே தங்கிவிட்டது. "அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. பெரியப்பா ரெண்டு வருஷம் தினம் வந்து இந்த வரப்பு ஓரமா நிப்பார். தண்ணி வடியும், வடியும்னு பார்த்தார். வடியலை. கொக்கும் வாத்தும்தான் வந்துச்சு."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை எனக்கு அது அழகான தண்ணீர். அதில் அழகான பறவை. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லென்ஸைப் பின்னுக்கு இழுத்து, தூரத்தில் தண்ணீருக்குள் கோடு மாதிரி தெரிந்த பழைய வரப்பையும், பட்ட மரத்தையும், கொக்கையும் சேர்த்து ஒரே ஒரு படம் எடுத்தேன். தம்பியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதை எனக்கு அனுப்புங்கம்மா" என்றார். ஒரு இடத்தைப் பார்க்கிறோம் என்றால் அங்கே இருந்தவர்களையும் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் சாப்பிடும்போது எங்களில் ஒருத்தி, "ஜாரவா ஜனங்க இருக்கிற காட்டு வழியா ஒரு ரோடு போகுதாமே, போனா பார்க்கலாமா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, ஆசைதான். தம்பியின் முகம் மாறிவிட்டது. "அவங்க மனுஷங்க அக்கா. பார்க்கிறதுக்குன்னு போகக்கூடாது" என்றார். ஆதிவாசிகளைப் பாதுகாக்க 1956-லேயே அங்கே சட்டம் போட்டு, அவர்கள் காட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். 2012-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். அந்தப் பாதையில் படம் எடுப்பது குற்றம். வெளியாள் மூலம் ஒட்டும் சாதாரணக் காய்ச்சல், அம்மை கூட அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். வேண்டாம் என்கிறவர்களை எடுக்க எந்தக் காமிராவுக்கும் உரிமை இல்லை என்றார். மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு சின்ன முகம் ஏனோ எனக்கு ஞாபகம் வந்தது. அவனும் "வேண்டாம்" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான்? வாயால் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கப்பலில் ஸ்வராஜ் தீவுக்குப் போனோம். ஹாவ்லாக் என்று இருந்ததை 2018-ல் இப்படி மாற்றினார்கள். மேற்கே பார்த்த ராதாநகர் கடற்கரையில் மணல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. என் படத்திலோ இட்லி நிற மணல் கேழ்வரகுக் களி நிறத்தில் விழுந்தது! காமிரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்குமாம். மணல் மாதிரி எல்லாமே வெள்ளையாக இருந்தால் வெளிச்சத்தை நாம் ஒரு படி கூட்ட வேண்டும். இருட்டுப் பின்னணியில் ஒற்றைக் கொக்கு நின்றால் ஒரு படி குறைக்க வேண்டும். உப்புப் போடுகிற கணக்குத்தான், இயந்திரத்துக்கு வாய் ருசி கிடையாதே!

நாலாம் நாள் காலை தீவின் கிழக்குக் கரைக்குப் போனோம். கடல் வற்றியிருந்தது. ஈர மணல் முழுக்க யாரோ விடிய விடியக் கோலம் போட்டு வைத்தது போல, கடுகும் மிளகுமாய்ப் பொடி உருண்டைகள். ஒரு சின்ன வளையைச் சுற்றி அவை கதிர் கதிராக விரிந்திருந்தன. எல்லாம் மணல் நண்டின் வேலை. நண்டு என்றால் நம் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் ஆகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டிப் போட்டுவிடுகிறது. அடுத்த ஏற்றத்தில் கடல் கோலத்தை அழித்துவிடும். நண்டு மறுபடி போடும். நமக்குத் தெரியாத வேலையா அது!

எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். அத்தனையும் வளைக்குள் ஓடிவிட்டன. இன்னொரு பக்கம் போனேன், அங்கேயும் அப்படியே. துரத்தத் துரத்த மணல்தான் மிச்சம். டீச்சர் வந்து, "உட்காருங்கம்மா. அரிசிப் பையை வெச்சு, காமிராவை அதன் மேல வையுங்க. மூச்சு மட்டும் விடுங்க" என்றாள்.

முட்டி வலியோடு ஈர மணலில் உட்கார்ந்தேன். மணல் ஈ வேறு கடிக்கிறது. பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. போகட்டும் என்று மனசை விட்டபோது, வளை வாசலில் இரண்டு குச்சிக் கண்கள் எட்டிப் பார்த்தன. உள்ளே போயின. மறுபடி வந்தன. நான் அசையவில்லை. அது வெளியே வந்து, என்னை ஒரு பாறை என்று எண்ணிக்கொண்டு, தன் பாட்டுக்கு உருட்ட ஆரம்பித்தது. கண்ணில் ஃபோகஸ் வைத்து, மெதுவாக அமுக்கினேன். மூன்றே படம். நாலு நாளில் நான் எடுத்ததில் டீச்சர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதைத்தான்.

வீடு திரும்பினேன். பையிலிருந்த அரிசியைச் சலித்து மொட்டை மாடியில் தூவினேன். கொஞ்ச நேரத்தில் அணில் ஒன்று வந்தது. பேரன் எங்கிருந்தோ வந்து அதைப் பார்த்தபடி உட்கார்ந்தான். என் வாய் துறுதுறுத்தது, "கண்ணா, அணில் சொல்லு" என்று. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன். நாலடி தள்ளி நானும் தரையில் உட்கார்ந்து அணிலையே பார்த்தேன். காமிரா மடியில் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அணில் ஒரு அரிசியைக் கையில் எடுத்துக் கொறித்தது. அப்போது அவன் அணிலைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். நேராக, கண்ணுக்குள். "நீயும் பார்த்தாயா?" என்று கேட்கிற பார்வை அது. "பார்த்தேன்டா கண்ணா" என்று தலையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் அணில் பக்கம் திரும்பியபோதுதான் ஒரு படம் எடுத்தேன்.

அவன் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்று வரை "பாட்டி" என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வையைச் சொன்னதும் பயிற்சிப் பெண் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். பார்த்ததைப் பகிர்ந்துகொள்ளத் திரும்புவது பேச்சுக்கு முந்தின படிகளில் ஒன்றாம். படத்தைப் பார்த்த மருமகள், "அத்தை, இதுலதான் இவன் இவனா இருக்கான்" என்று அதைக் கூடத்தில் மாட்டிவிட்டாள்.

இளம் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்:

குழந்தையைப் படம் எடுக்க ஃப்ளாஷ் வேண்டாம். காலையிலோ மாலையிலோ ஜன்னல் ஓரம் போதும். நின்றபடி எடுக்காமல், அதன் கண் மட்டத்துக்கு நீங்கள் உட்காருங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். "சிரி" என்று கேட்காதீர்கள். அது விளையாடும்போது பக்கத்தில் இருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் காமிராவைக் கீழே வையுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். படத்துக்குத்தான் காத்திருக்கலாம், டாக்டரிடம் போகக் காத்திருக்கக் கூடாது. இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை, "எங்க குடும்பத்துல எல்லாரும் லேட்டுதான்" என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள், காதையும் பரிசோதியுங்கள். நாங்கள் ஒரு வருஷம் தாமதித்தோம். அப்படிச் சொல்லித் தடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

பீரோவின் மேல் தட்டில் உங்கள் வீட்டிலும் ஒரு பழைய காமிரா இருக்கும். இறக்குங்கள். இவர் நேற்றுக்கூட, "பார்த்து, கீழே போட்டுடாதே" என்றார். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். பேரன் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தான்.